மலமாற்று ஆய்வு: பத்தில் மூன்று பேர் போதுமா?

வைகறை: "குடல் பாக்டீரியாவைச் சரி பண்ணிட்டா இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியை ஏவிப் புற்றுநோயைத் தாக்குற சிகிச்சை) தானா வேலை செய்யும், இஸ்ரேல் ஆய்வே நிரூபிச்சிடுச்சு"ன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. 2021-ல் வந்த அந்த ஆய்வுல இருந்தது 10 மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள். கட்டி சுருங்கினது 3 பேருக்கு. ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. இது நிரூபணமா?

நுண்ணோக்கி: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அந்த 10 பேரும் ஏற்கெனவே பிடி-1 தடுப்பு மருந்து (ஒரு வகை இம்யூனோதெரபி) கேக்காமப் போனவங்க. அதே மருந்துல முழுசாக் குணமான ரெண்டு பேரோட மலத்திலிருந்து பாக்டீரியாவை இவங்க குடலுக்கு மாத்தி, மறுபடி அதே மருந்தைக் கொடுத்தாங்க. 3 பேருக்குச் சுருங்குது, அதுல ஒருத்தருக்குக் கட்டியே காணோம். கைவிட்ட மருந்து மூணு பேருக்குக் கேட்டிருக்கு. சின்ன விஷயமா?

வைகறை: பத்தில் 3. அந்த மூணு பேரும் ஒரே கொடையாளர்கிட்ட வாங்கினவங்க. இன்னொருத்தர்கிட்ட வாங்கின ஒருத்தருக்கும் சுருங்கலை. அதை ஏன் மறைச்சீங்க?

நுண்ணோக்கி: மறைக்கலை. அதுதான் என் கட்சிக்கே பலம். யாரோட பாக்டீரியாங்கிறதுதான் முக்கியம்னு அது காட்டுது. அதே வருஷம் அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல நடந்த இதே மாதிரி ஆய்வுல 15 பேரில் 6 பேருக்குப் பலன்.

வைகறை: அந்த 6-ல் 3 பேருக்குக் கட்டி வளராம நின்னுச்சு, அவ்வளவுதான். சுருங்கினது அங்கயும் 3. இங்கயும் 3, அங்கயும் 3.

நுண்ணோக்கி: முற்றின மெலனோமா ஒரு வருஷத்துக்கு மேல வளராம நிக்கிறது உங்களுக்கு "அவ்வளவுதான்". அந்த நோயாளியோட வீட்டுல போய்ச் சொல்லிப் பாருங்க.

கொங்குக்காரன்: 1984-ல் பாரி மார்ஷல்ங்கிற டாக்டர், இரைப்பை நோய்க்கு ஹெலிகோபாக்டர்ங்கிற பாக்டீரியாதான் காரணம்னு காட்ட அதைத் தானே குடிச்சப்ப அவர் ஒரே ஒரு ஆள். 2005-ல் நோபல் வாங்கினார். வைகறை அப்ப இருந்திருந்தா அவரையும் எண்ணிக்கை கேட்டே விரட்டியிருப்பார்.

வைகறை: மார்ஷலுக்கு வந்தது இரைப்பை அழற்சி. புற்றுநோய் இல்லை. தலைப்பைப் படிச்சிட்டு வாங்க அண்ணே.

கொங்குக்காரன்: அந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம்னு 1994-லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை அறிவிச்சாச்சு. யார் படிக்கலைன்னு தெரியுது.

நுண்ணோக்கி: ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டத்தையும் சேர்த்துக்கோங்க. வாயில இருக்கிற பாக்டீரியா, பெருங்குடல் கட்டிக்குள்ள போய்க் குடியேறுது. தன் ஃபாப்2 புரதத்தால என்கே செல்லோட (புற்று செல்லைக் கொல்ற நோய் எதிர்ப்பு செல்) டிஜிட்ங்கிற ஏற்பியைப் பிடிச்சுக்குது, அது அந்த செல்லுக்குப் பிரேக் மாதிரி. கட்டியைக் கொல்ல வந்த செல் கொல்லாமலே நிக்குது. 2017-ல் எலிகளுக்கு மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தப்ப கட்டியோட வளர்ச்சி குறைஞ்சது. இவ்வளவு தெளிவான வழிமுறை இருக்கு, வைகறை இன்னும் விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கார்.

வைகறை: எலி. நான் கேட்டது மனுஷங்களைப் பத்தி. பத்தில் 3-க்குப் பதில் வரலை.

நர்ஸக்கா: நான் புற்றுநோய் வார்டுல வேலை பாக்குறேன். இந்த மாதிரிப் பதிவைப் படிச்சிட்டுத்தான் ஆளாளுக்கு ப்ரோபயாடிக் மாத்திரை (நல்ல பாக்டீரியா இருக்கிற மாத்திரை) வாங்கிட்டு வர்றாங்க. 2021-ல் டெக்ஸாஸ் ஆய்வுல மெலனோமா நோயாளிகள்ல நார்ச்சத்து நல்லா சாப்பிட்டவங்களுக்குத்தான் நோய் மெதுவா வளர்ந்துச்சு. எலிகளுக்கு ப்ரோபயாடிக் கொடுத்தப்ப இம்யூனோதெரபி மருந்தோட வேலை கெட்டுப்போச்சு. டாக்டரைக் கேக்காம எதையும் வாங்காதீங்க.

நுண்ணோக்கி: அக்கா, ஒரே வகை மாத்திரையை வெச்சு எல்லாத்தையும் ஒதுக்க முடியாது. 2022-ல் சிறுநீரகப் புற்றுநோய்ல இம்யூனோதெரபியோட சிபிஎம்588ங்கிற ப்ரோபயாடிக் பாக்டீரியாவையும் சேர்த்து எடுத்துக்கிட்டவங்களுக்கு நோய் முற்றாம இருந்த காலம் 12.7 மாசம். சேர்க்காதவங்களுக்கு 2.5. இதுல ஒப்பீட்டுக் குழு இருக்கு வைகறை. இப்பப் பேசுங்க.

வைகறை: மொத்தமே 29 பேர். அந்த ஆய்வு முதன்மையாப் பாக்க நினைச்சது குடல்ல பிஃபிடோபாக்டீரியம்ங்கிற நல்ல பாக்டீரியா கூடுதான்னு. கூடலை. அதையும் எழுதாம விட்டுட்டீங்க. போன மாசம் வைட்டமின் டி பத்தி இங்க நடந்த விவாத இழையிலயும் இதே வேலைதான்.

நுண்ணோக்கி: வைட்டமின் டி இழையில பாதியில காணாமப் போனது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நான் வெச்ச கேள்விக்கு இன்னைக்கு வரை பதில் இல்லை.

கொங்குக்காரன்: மார்ஷல் விஷயத்துக்கும் பதில் இல்லை.

வைகறை: அழற்சி வேற, புற்றுநோய் வேற. எத்தனை தடவை சொல்றது?

நர்ஸக்கா: நான் மாத்திரையைப் பத்திக் கேட்டதை யாருமே கண்டுக்கலை.

நுண்ணோக்கி: வர்றேன்க்கா. முதல்ல வைட்டமின் டி கணக்கைத் தீர்த்துக்கிறேன். அந்த இழையில நான் போட்ட மூணாவது பதிவைத் திறங்க வைகறை.