இம்போர்ட் செய்த ஆர்டிஎஸ்ஸை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவேன் என்கிறது டெராஃபார்ம், உதவி தேவை

வேலந்தாவளம்:
கஞ்சிக்கோட்டில் லாரி புக்கிங் சாஃப்ட்வேர் நடத்தும் சின்ன கம்பெனிங்க. அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் இருப்பதெல்லாம் கன்சோல் என்ற வெப் பக்கத்தில் கையால் உண்டாக்கியது. செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஒரு வரி குறிப்பு கிடையாது. இதையெல்லாம் கோடாக எழுதி நிர்வகிக்கும் டூலான டெராஃபார்முக்குள் ஒவ்வொன்றாகக் கொண்டு வருகிறேன். விபிசி, சப்நெட் என்ற நெட்வொர்க் பகுதிகள் ஒழுங்காக வந்துவிட்டன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிற ஆர்டிஎஸ்ஸை இம்போர்ட் செய்து, என்ன மாறும் என்று காட்டும் பிளான் போட்டால் 'ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்', அதாவது அழித்துப் புதிதாக உண்டாக்கணும் என்கிறது. ஓணத்துக்கு வாளையார் வழியாகக் காய்கறி லோடு இறங்குகிற நேரம், டேட்டாபேஸ் போனால் புக்கிங் மொத்தமும் நின்றுவிடும்.

பொள்ளாச்சி:
பிளானை நிஜமாகவே செய்துவிடும் அப்ளையைக் கொடுத்துடாதீங்க தம்பி. அந்த வார்த்தை எந்த வரியில் நிற்குது?

வேலந்தாவளம்:
ஸ்டோரேஜ் என்கிரிப்டட் வரியில்ங்க அண்ணா. ட்ரூ இருந்தது நல், அதாவது வெற்று ஆகிறதாம்.

பொள்ளாச்சி:
அப்ப விஷயம் அதுதான். டேட்டாபேஸின் ஸ்டோரேஜ் சங்கேதமாக என்கிரிப்ட் ஆகியிருக்கு, உங்க கோடில் அந்த வரியே இல்லை. எழுதாமல் விட்டால் ஃபால்ஸ் என்று கணக்கு. ஓடுகிற ஆர்டிஎஸ்ஸில் அதை மாற்ற வழியில்லை, அதனால்தான் அழித்துக் கட்டப் பார்க்குது. கோடில் ட்ரூ போடுங்க. கூடவே கோடின் லைஃப்சைக்கிள் பிளாக்கில் பிரிவென்ட் டெஸ்ட்ராய், ஆர்டிஎஸ்ஸில் டெலிஷன் புரொடெக்‌ஷன், தவறி அழியாமல் தடுக்க ரெண்டும் வேணும்.
பாஸ்வேர்டில் ரொம்பக் கவனம். இம்போர்ட் அதை எடுத்து வராது. கோடில் வேறு எதையாவது எழுதி வைத்தால் அப்ளை செய்யும்போது அசல் பாஸ்வேர்டே மாறி, ஆப் கனெக்ட் ஆகாமல் போயிடும்.

கொழிஞ்சாம்பாறை:
மீதி ரிசோர்ஸுக்கெல்லாம் கையால் கோடு எழுத வேண்டாம். 2023-இல் வந்த டெராஃபார்ம் 1.5 முதல் இம்போர்ட் பிளாக் உண்டு. அதை எழுதி, பிளானை ஜெனரேட் கான்ஃபிக் அவுட் ஃபிளாகோடு ஓட்டினால் கோடு தானே எழுதப்படும். தேவையில்லாத வரிகளும் சேர்ந்து வரும், படித்துப் பார்த்துக் களையணும். எதையெல்லாம் நிர்வகிக்கிறது என்று டெராஃபார்ம் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைலை எங்கே வைத்திருக்கீங்க?

வேலந்தாவளம்:
இப்போதைக்கு என் லேப்டாப்பில்தான்ங்க.

கொழிஞ்சாம்பாறை:
இன்றைக்கே ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் ஸ்டோரேஜான எஸ்3-க்கு மாற்றுங்க, பக்கெட்டில் பழைய பிரதிகளையும் காக்கும் வெர்ஷனிங் ஆன் செய்த பிறகு. டெராஃபார்ம் 1.10 முதல், ரெண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் லாக்கும் எஸ்3-யிலேயே முடியும், அதற்கென்று தனி டைனமோடிபி டேபிள் தேவையில்லை. கோடு வைக்கும் கிட்டில் மட்டும் அந்த ஃபைலைப் போடாதீங்க, பாஸ்வேர்டு மாதிரி ரகசியங்கள் அந்த ஃபைலில் அப்படியே எழுத்தாகக் கிடக்கும்.

வேலந்தாவளம்:
ட்ரூ போட்டதும் 'நோ சேஞ்சஸ்' வந்துவிட்டது! ரொம்ப நன்றிங்க. முதலாளி டாக்குமென்டேஷனும் கேட்கிறார். தனியாக வேர்ட் ஃபைல் போடலாமா?

பொள்ளாச்சி:
வேண்டாம் தம்பி, அடுத்த மாற்றத்திலேயே அது பழசாயிடும். இன்புட், அவுட்புட் பட்டியலை டெராஃபார்ம்-டாக்ஸ் என்ற டூல் ரீட்மீயில் எழுதித் தரும். காரணத்தை எந்த டூலும் எழுதாது, அது ஆள்தான் எழுதணும். போஸ்ட்கிரெஸ்ஸின் 5432 போர்ட் ஒரு ஐபிக்குத் திறந்திருக்கு என்றால் அது யாருடைய ஐபி, எதற்கு, எப்போது மூடலாம் என்பதை அதைத் திறக்கும் ஃபயர்வால் ரூலின் டிஸ்கிரிப்ஷனிலேயே போடுங்க. கன்சோலைத் திறந்து பார்க்கிறவருக்கும் அது கண்ணில் படும்.

வேலந்தாவளம்:
அப்படி யாருடையது என்றே தெரியாத ஐபி எங்கள் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில் ஒன்று இருக்குதுங்க. எடுத்துவிடலாமா?

கொழிஞ்சாம்பாறை:
உடனே எடுக்காதீங்க. நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்யும் விபிசி ஃப்ளோ லாக் ஆன் செய்து, அந்த ஐபியிலிருந்து யாராவது வருகிறார்களா என்று ஓணம் முடிகிறவரை பாருங்க. யாரும் வராவிட்டால் கோடில் அந்த ரூலை நீக்கி, காரணத்தைக் கிட் கமிட் குறிப்பில் எழுதிடுங்க.