புருசன்ர கையெழுத்து ஆருக்கு வேணும்? வன்னிமைந்தனுக்குப் பதில்

பூநகரியாள்:
முந்தநாள் வன்னிமைந்தன் எழுதினது இது: "கிளிநொச்சி, முல்லைத்தீவு மாதர் சங்கங்களும் தெற்குப் பெண்கள் அமைப்புகளும் ஒண்டுசேந்து இனப்பெருக்க உரிமை எண்டு மனு எழுதுகினமாம். வன்னிப் பொம்பிளை கேக்காத சாமான். வேரவிலில புருசன்ர கையெழுத்துக் கேட்டிருந்தா அந்த அநியாயம் நடந்திருக்குமோ?"

வேரவிலின்ர பேரை இழுத்ததாலதான் எழுதுறன். 2013 ஆகஸ்ட் 31. கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டுத் தாய்மாரை அரச சுகாதார ஊழியர் கூப்பிட்டது பிள்ளையளின்ர நிறை, போசாக்குப் பாக்க எண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவை, மேல்கைத் தோலுக்குக் கீழ ஏத்திற ஜடேல் எண்ட கருத்தடைக் குச்சியோட வீட்டை வந்தவை. ரெண்டு குச்சி, அஞ்சு வருசத்துக்குப் பிள்ளை தங்காது. மாட்டன் எண்டா இனி ஆஸ்பத்திரியில பாக்கமாட்டம் எண்டு வெருட்டினதெண்டு தாய்மார் சொன்னது அப்பவே அறிக்கையளில வந்தது. சுகாதார அமைச்சு மறுத்தது. உங்களுக்கு வாற கேள்வி புருசனை ஏன் கேக்கேல்லை எண்டது. எனக்கு வாற கேள்வி அவளை ஏன் கேக்கேல்லை எண்டது.

வன்னிமைந்தன்:
தங்கச்சி, வடிவா எழுதியிருக்கிறியள், பதிலைத்தான் காணேல்லை. புருசன்ர கையெழுத்து வேணுமெண்டு விதி இருந்திருந்தா, கடலுக்குப் போனவன் கரைக்கு வரும்வரைக்கும் அந்தக் குச்சி ஏறியிராது. ஓமோ இல்லையோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ.

பூநகரியாள்:
இல்லை. பொம்பிளையை வெருட்டினவைக்கு ஆம்பிளையை வெருட்ட எவ்வளவு நேரம்? மீளக் குடியேறின காலத்தில ஆமிக்காம்புக்குப் பதியக் கூப்பிட்டா வரிசையில நிண்டவை ஆர்? நாங்கள் எல்லாரும்தான் நிண்டனாங்கள். அந்த நேரம் வாங்கின எந்தக் கையெழுத்தையும் சம்மதம் எண்டு எனக்குக் காட்டாதேங்கோ.

நெடுங்கேணி_நேர்ஸ்:
ரெண்டு பேரும் ஒண்டைக் கவனியுங்கோ. குளிசைக்கோ, மூண்டு மாத ஊசிக்கோ, குச்சிக்கோ புருசன் கையெழுத்துப் போடவேணுமெண்டு சட்டம் ஒண்டும் இல்லை. பிள்ளை பெறாமல் செய்யிற ஒப்பரேசனுக்குத்தான் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேக்கிற வழக்கம். இனப்பெருக்க உரிமை எண்டா என்னெண்டு 1994 கெய்ரோ மாநாட்டில எழுதி வைச்சிருக்கினம்: எத்தினை பிள்ளை, எப்ப, எவ்வளவு இடைவெளி எண்டதை வற்புறுத்தல் இல்லாமல் தீர்மானிக்கிறது. அதை வைச்சுக் கதைச்சா நல்லம்.

வன்னிமைந்தன்:
கெய்ரோ எங்க, கிராஞ்சி எங்க? நான் கேட்டது கையெழுத்து.

கனடா_மல்லாவி:
கையெழுத்தில்லை பிரச்சினை. இது இனவழிப்பு. அந்தச் சொல்லை விழுங்கிப்போட்டு "இனப்பெருக்க உரிமை" எண்டு மழுப்பத்தான் தெற்குக்காரரோட கூட்டு. 2009இல நாங்கள் முள்ளிவாய்க்காலில சாகேக்க இந்த அமைப்புகள் எங்க நிண்டவை? எங்கட சனம் குறைஞ்சு போச்சு. இப்ப குடும்பத்துக்கு நாலு பிள்ளை வேணும், குடும்பக்கட்டுப்பாட்டு மனு இல்லை.

வன்னிமைந்தன்:
நாங்கள் சாகேக்க எண்டு எழுதாதேயும். நீர் 98இலயே போயிட்டீர். உமக்கு எத்தினை பிள்ளை எண்டதையும் ஒருக்கா எழுதும்.

கனடா_மல்லாவி:
அது என்ர குடும்ப விசயம்.

பூநகரியாள்:
அண்ணை, அதைத்தான் நாங்களும் சொல்லுறம். உங்கட வீட்டில எத்தினை எண்டது உங்கட விசயமெண்டா, தருமபுரத்தில இருக்கிறவளுக்கு நாலு எண்டு ரொறன்ரோவில இருந்து ஆர் கணக்குப் போடுறது? ஒருத்தன் பெறாதை எண்டு கையில குச்சி ஏத்தினான். இன்னொருத்தர் இனத்துக்காகப் பெறு எண்டுறார். ரெண்டு பேரும் அவளைக் கேக்கேல்லை.

தெற்குப் பொம்பிளையளோட ஏன் சேந்தனாங்கள் எண்டும் சொல்லுறன். 2009இன்ர கோவம் எனக்குப் போகேல்லை, போகவும் போறதில்லை. முதல் கூட்டத்தில அதை அவையின்ர முகத்துக்கு நேர சொன்னனான். ஆனா எங்களுக்குப் பெறவிடாத வருத்தம், அவைக்குப் பெறு எண்டு கட்டாயப்படுத்திற வருத்தம். வல்லுறவுக்குள்ளான பிள்ளைக்கும் விலக்கில்லாத கருக்கலைப்புச் சட்டம் எங்களுக்கும் அவைக்கும் ஒண்டுதான். தனித்தனிய எழுதின கடிதங்கள் எந்த மேசையில கிடக்குதோ தெரியாது.

மடுவழி:
இப்ப வெளிச்சுப் போச்சு. மனுவுக்குள்ள கருக்கலைப்பு இருக்கு, அப்பிடித்தானே? வலைப்பாட்டுச் சனம் எங்கட கோயில் சனம். அவையின்ர கண்ணீரைக் காட்டி இதுக்கு ஆதரவு சேக்கிறது எனக்குப் பெரிய வேதனை. கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்த 1995இல பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்து கைவிட்டவை. 2017இல திரும்ப எடுக்க ஆயர்மார் எதிர்த்தவை. உயிர் எண்டா உயிர்தான்.

நெடுங்கேணி_நேர்ஸ்:
1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் விலக்கு. இல்லாட்டி மூண்டு வருசம் வரை மறியல், வயித்துக்குள்ள துடிப்பு வந்த பிறகெண்டா ஏழு வருசம் வரை. 2017இல கேட்டதும் வல்லுறவுக்கும், உயிர் பிழைக்காத அளவுக்குக் குறையிருக்கிற கருவுக்கும்தான். இரத்தம் போகப் போக வாட்டுக்கு வாறவையை நான் பாத்திருக்கிறன். சட்டத்துக்குப் பயந்து எல்லாம் பிந்தித்தான் வருகினம்.

மடுவழி:
நான் கேட்டது மனுவில இருக்கோ இல்லையோ எண்டது.

வன்னிமைந்தன்:
மடுவழிக்கும் பதில் இல்லை, எனக்கும் பதில் இல்லை. பாருங்கோ, புருசனிட்டச் சொல்லாமல் ஊசி போடுறது, பிறகு புருசனிட்டச் சொல்லாமல் கலைக்கிறது. இதுக்குத்தான் கையெழுத்து வேண்டாமெண்டுறது. எங்கட அம்மாமார் ஆரின்ர மனுவும் இல்லாமல் எட்டுப்பேரை வளத்தவை.

பூநகரியாள்:
உங்கட அம்மா எட்டுப்பேரை வளத்ததை நான் கையெடுத்துக் கும்பிடுறன். அவவை ஆராவது கேட்டவையோ எண்டு ஒருநாள் அவவிட்டயே கேளுங்கோ.

கையெழுத்துக்கு வாறன், நீங்கள் விடமாட்டியள். என்ர சின்னம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி. புருசனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணேல்லை. செத்ததெண்டு எழுதிக் குடுக்க அவவுக்கு மனமில்லை. 2016க்குப் பிறகு குடுக்கிற, காணாமல் போனதுக்கான சான்றிதழையும் வாங்கேல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஒப்பரேசன். ஃபோமை நீட்டின பிள்ளை கேட்டுது: "உங்கட அவர் எங்க? அவர் கையெழுத்துப் போடவேணும்." வாட்டில முப்பது பேருக்கு முன்னால. சின்னம்மா ஒண்டும் பறையேல்லை. கடைசியா பத்தொன்பது வயசு மோன் போட்டவன். அவனைச் சுமந்த கர்ப்பப்பைக்கு அவன் கையெழுத்து. போட்டிட்டு வெளியில வந்து மதிலோட சாஞ்சு நிண்டு அழுதவன். பக்கத்தில நிண்டது நான். வன்னியில இப்பிடி எத்தினை வீடு எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அவைக்கு ஆரின்ர கையெழுத்து? சொல்லுங்கோ.

வன்னிமைந்தன்:
அது விதிவிலக்கு. கவலையான விசயம்தான், இல்லையெண்டேல்லை. நான் சொன்னது புருசன் இருக்கிற வீட்டுக்கு. இன்னுமொண்டு: இப்பிடிக் கதையளை நம்பி 2019இல குருநாகலில என்ன நடந்தது? ஒரு முஸ்லிம் வைத்தியர் களவாக் கருத்தடை செய்தவர் எண்டு நாடே எழும்பினது. ஆதாரம் இல்லையெண்டு சீ.ஐ.டியே கோட்டில சொன்னது. வேரவிலையும் அப்பிடித்தான் எண்டு அவங்கள் சொல்லுவாங்கள். கையெழுத்திருந்தா உங்களிட்டக் காட்ட ஒரு கடுதாசியாவது இருக்கும்.

பூநகரியாள்:
குருநாகலில ஆதாரம் இல்லை. வேரவிலில ஆதாரம் கைக்குள்ள கிடந்தது. தோலுக்குக் கீழ, விரலால தடவினா தெரியும். ரெண்டையும் ஒரே தராசில வைக்காதேங்கோ, அது அந்தத் தாய்மாருக்கும் கூடாது, அந்த வைத்தியருக்கும் கூடாது.

குச்சிக்கு நான் எதிரியில்லை. என்ர கூட்டாளி ஒருத்தி தானாக் கேட்டு வைச்சவள், சந்தோசமா இருக்கிறாள். வேணுமெண்டவளுக்கு வைக்கட்டும், போதுமெண்டா மறுகேள்வி இல்லாமல் எடுக்கட்டும், தலைச்சுத்து வரும், தீட்டு மாறும் எண்டதை முதலே தமிழில சொல்லட்டும். மனுவின்ர முதல் பக்கம் முழுக்க இதுதான்.

கனடா_மல்லாவி:
இனவழிப்பு எண்ட சொல் எந்தப் பக்கத்தில?

மடுவழி:
ரெண்டாம் பக்கத்தில என்ன? அதைச் சொல்லுங்கோ.

பூநகரியாள்:
ஞாயிறு பரந்தனில கூட்டம். ரெண்டாம் பக்கம் இன்னும் எழுதி முடியேல்லை, எங்களுக்குள்ளயே சண்டை. வந்து உங்கட எதிர்ப்பை அங்க சொல்லுங்கோ மடுவழி, ஒருத்தரும் தடுக்கமாட்டினம். வன்னிமைந்தன் அண்ணையும் வாங்கோ. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவும் கதைக்கட்டும்.

வன்னிமைந்தன்:
என்ர மனிசியை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. அவவுக்கு உதில விருப்பமில்லை.

பூநகரியாள்:
அவ சொன்னவவோ?

வன்னிமைந்தன்:
எனக்குத் தெரியும். நீங்கள் முதல் என்ர கேள்விக்கு வாங்கோ. புருசன்ர கையெழுத்து இருந்திருந்தா வேரவில் நடந்திருக்குமோ?

மடுவழி:
என்ர கேள்வியும் நிக்குது.