புது இம்பெல்லர் மாற்றியும் எஞ்சின் தண்ணீர் சரியாகத் துப்பவில்லை, உதவி தேவை

ஏரிக்கரையான்:
வணக்கம். பழவேற்காட்டில் ஒரு 24 அடி பைபர் படகு இருக்கிறது. அப்பா ஓட்டியது. முட்டிவலியால் அவர் போன வருடத்தோடு நிறுத்திவிட்டார், இப்போது நானும் சித்தப்பா மகனும் ஓட்டுகிறோம். படகின் பின்னால் மாட்டும் எஞ்சின், 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல். வயது பத்தைத் தாண்டிவிட்டது. பராமரிப்பு எல்லாம் அப்பாதான். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் பின்னாலிருந்து பீச்சி அடிக்கும் தண்ணீர் முன்பெல்லாம் பென்சில் தடிமனுக்கு நேராகப் போய் விழும். ஒரு மாதமாக நூல் மாதிரி வருகிறது. மெதுவாக ஓட்டினால் பரவாயில்லை. வேகம் கொடுத்துக் கால் மணி நேரம் ஓடினால் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, எஞ்சினும் இழுவை விடுகிறது. ஒரு நாள் மூடியைத் திறந்து ஹெட்டில் (சிலிண்டரின் தலைப்பகுதி) கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், 'சுர்' என்றது. பயந்துபோய் அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டே கரைக்கு வந்தோம்.

தெரிந்தவர் ஒருவர் இம்பெல்லரை, அதாவது தண்ணீர் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரத்தை, மாற்றச் சொன்னார். கடையில் வாங்கி நானே மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக அடித்தது போல இருந்தது, அப்புறம் பழைய கதைதான். சுழற்றும் பக்கம் பார்த்துத்தான் போட்டேன், அதை ஷாஃப்ட்டோடு பிடிக்கும் கீயும் விழவில்லை. அடுத்து எங்கே பார்ப்பது?

கம்பிவடம்:
முதலில் சின்ன விஷயம். தண்ணீர் துப்பும் ஓட்டையிலேயே உப்பு கட்டியிருக்கலாம். மெல்லிய செம்புக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்து பாருங்கள். நண்டுக் குஞ்சு, குளவி மண் கூட அடைத்திருக்கும். அது அடைத்திருந்தால் தண்ணீர் வெளியே குறைவாகத் தெரியுமே தவிர எஞ்சின் சூடாகாது. உங்களுடையது சூடாகிறது என்பதால் இது மட்டும் காரணமாக இருக்காது, ஆனாலும் ஐந்து நிமிட வேலை.

ஏரிக்கரையான்:
கம்பி விட்டுப் பார்த்தேன் அண்ணே. கொஞ்சம் உப்புத் தூள் வந்தது. ஆனால் தண்ணீர் அப்படியேதான்.

கடலோடி:
தெர்மோஸ்டாட்டை, அதான் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வை, கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டு தம்பி. நம் கடலுக்கு அது எதற்கு? குளிர் நாட்டுக்காரன் வைத்த சாமான். நான் பன்னிரண்டு வருடமாக இல்லாமல்தான் ஓட்டுகிறேன்.

கம்பிவடம்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. எண்ணெய் கலந்த பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக்கில் கரி பிடிக்கும். வலை இழுக்கும்போது மணிக்கணக்கில் மெதுவாக ஓடுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. கடலோடி அண்ணன் மாதம் எத்தனை பிளக் மாற்றுகிறார் என்று கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதித்துப் பார்க்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வருவதற்கு வெகு முன்பே வால்வு திறக்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடலோடி:
பிளக் மாதம் ஒன்று. அது செலவா? :)

குருநகரான்:
தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கடை பக்கம் மண்ணெண்ணெய் எஞ்சின்தான் கூட. கரி பிடிக்கிறதைப் பற்றி எங்களிட்டைக் கேட்கலாம். ஆனால் உம்முடைய பிரச்சினை வேறை.

ஒரு கேள்வி. பழைய இம்பெல்லரை எறிந்து விட்டீரோ, வைத்திருக்கிறீரோ? வைத்திருந்தால் அதில் எத்தனை இதழ் மிச்சம் இருக்குது என்று எண்ணிச் சொல்லும்.

ஏரிக்கரையான்:
படகுப் பெட்டியிலேயே கிடந்தது. புதியதில் ஆறு இதழ். பழையதில் நாலுதான் இருக்கிறது! இரண்டு அடியோடு பிய்ந்து போயிருக்கிறது. கழற்றும்போது இதைக் கவனிக்கவே இல்லை.

குருநகரான்:
அதுதான் விசயம். பிய்ந்த ரப்பர் கடலுக்குள் போகாது தம்பி. பம்ப் அதை மேலே தள்ளிவிடும். தண்ணீர்க் குழாயின் மேல்முனையிலோ, தெர்மோஸ்டாட் வீட்டிலோ (அது இருக்கிற கூடு), சிலிண்டரைச் சுற்றிய வழியிலோ சிக்கி நிற்கும். புது இம்பெல்லர் போட்ட இரண்டு நாளும் துண்டு ஒரு பக்கமாய்க் கிடந்திருக்கும், பிறகு பம்பின் வேகத்தில் வந்து வழியை அடைத்திருக்கும். இரண்டு இதழும் கையில் கிடைக்குமட்டும் வேலை முடிந்தது என்று நினைக்காதையும்.

இன்னொன்று. இம்பெல்லர் ஏன் பிய்ந்தது? வயதாகியும் பிய்யும், தண்ணீர் இல்லாமல் ஓட்டினாலும் பிய்யும். தரையில் வைத்து 'ஸ்டார்ட் ஆகுதோ பார்ப்பம்' என்று கயிறு இழுக்கிற பழக்கம் உண்டோ? சில விநாடி காணும் ரப்பர் கருக.

ஏரிக்கரையான்:
அண்ணே, அது தம்பி வேலை. மழைக்காலத்தில் இரண்டு மாதம் கரையில் இருந்தபோது வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பான், எஞ்சின் இறுகிவிடக் கூடாதாம். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் முகத்துவாரம் அடிக்கடி மண் மூடும். நீர் குறைந்த நேரத்தில் எஞ்சின் மணலைக் கிளறிக்கொண்டுதான் வெளியே போக வேண்டியிருக்கிறது.

கம்பிவடம்:
மணல் என்றால் இம்பெல்லர் மட்டும் மாற்றிப் பயன் இல்லை. அது சுழல்கிற எஃகுக் கப்பும் அடித்தகடும் கீறல் விழுந்திருக்கும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் மாற்றிவிடுங்கள். கீறல் வழியாகத் தண்ணீர் திரும்பக் கசிவதால் பம்ப் சுற்றினாலும் அழுத்தம் ஏறாது. முழு கிட்டாகவே கிடைக்கும்: கப், தகடு, கீ, ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து. தனி இம்பெல்லர் வாங்குவதை விட விலை கூடத்தான், ஆனால் இரண்டு தடவை எஞ்சின் காலை (பம்பும் ப்ரொப்பெல்லரும் இருக்கும் கீழ்ப்பகுதி) கழற்றும் வேலை மிச்சம்.

ஹெட் பக்கம் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றும்போது பொறுமை வேண்டும். அலுமினியத்தில் எஃகு போல்ட் பத்து வருடம் உப்போடு கிடந்திருக்கிறது. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்துவிட்டு, அப்புறம் தளர்த்துங்கள். அவசரப்பட்டால் போல்ட்டின் தலை மட்டும் கைக்கு வரும்.

கடலோடி:
உள்ளே உப்பு கட்டியிருந்தால் கக்கூஸ் கழுவும் ஆசிட் ரெண்டு மூடி ஊற்று, அஞ்சு நிமிஷத்தில் சுத்தம்.

கம்பிவடம்:
தயவுசெய்து வேண்டாம்! அந்த ஆசிட் உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும். சாதாரண வினிகரைத் தண்ணீரில் கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் நன்றாக அலசினால் போதும்.

ஏரிக்கரையான் (நான்கு நாள் கழித்து):
முதலில் போல்ட் கதை. நாலில் மூன்று வந்தது, ஒன்று உடைந்தது. மீஞ்சூரில் ஒரு லேத் பட்டறையில் துளைபோட்டு எடுத்தார்கள். ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடச் சொன்னீர்கள், நான் இரண்டு மணி நேரம்தான் விட்டேன். ஒத்துக்கொள்கிறேன்.

தெர்மோஸ்டாட் வீட்டுக்குள் ஒரு முழு இதழ், சுருண்டு போய் உப்போடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்திலேயே இன்னொன்றில் பாதி. ஆக ஒன்றரை இதழ் கிடைத்துவிட்டது. மீதி அரையைக் காணோம். கப்பில் கீறல் நகத்துக்கே தெரிகிறது. கிட் சொல்லியிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டை அடுப்பில் வைத்துப் பார்த்தோம், நன்றாகத் திறக்கிறது. அம்மாதான் பாத்திரத்தைப் பார்த்துத் திட்டினார்.

குருநகரான்:
மீதி அரைக்குத் தலைகீழாய் வாரும். கீழ்க்கால் கழற்றி இருக்கும்போதே மேலே தெர்மோஸ்டாட் வீட்டுக்குள் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டால், பம்ப் தள்ளிய வழிக்கு எதிராக வரும். கீழே ஒரு துணியை விரித்து வையும். வருகிறது எல்லாம் அதிலை விழட்டும்.

ஏரிக்கரையான்:
விழுந்தது அண்ணே!! மணல் ஒரு கைப்பிடி, ஒரு சின்ன சிப்பி, கடைசியில் அந்த அரைத் துண்டு. பழைய இம்பெல்லரோடு பொருத்தி வைத்துப் பார்த்தேன், ஆறும் சரி.

கம்பிவடம்:
அருமை. மாட்டும்போது இம்பெல்லருக்கு சோப்புத் தண்ணீர் தடவுங்கள், எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். ஷாஃப்ட்டைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே கப்பை அழுத்தினால் இதழ்கள் தானாகச் சரியான பக்கம் மடங்கும். தண்ணீர்க் குழாய் அதன் ரப்பருக்குள் நேராக இறங்கியதா என்று பாருங்கள். அங்கே தவறினாலும் இதே பிரச்சினைதான் வரும். சோதனையைப் பெரிய டிரம்மில் செய்யுங்கள். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு தடவை திரும்பியதும் அதே டிரம்மில் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓடட்டும். உங்கள் ஊர் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்று தெரியும், இருந்தாலும் கடல் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல். உங்கள் தம்பியும் டிரம்மில் வைத்தே ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும்.

ஏரிக்கரையான் (மறுவாரம்):
இப்போது பென்சில் தடிமனுக்கு அடிக்கிறது. நேற்று முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினோம். ஹெட்டில் ஒரு நொடி கை வைக்க முடிகிறது. அப்பாவை உட்கார வைத்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எஞ்சின் மூடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஆனால் புதுத் தலைவலி. காலைக் கழற்றியதோடு கியர் ஆயிலையும் மாற்றலாம் என்று வடித்தேன். பால் காப்பி நிறத்தில் வந்தது.

கடலோடி:
தண்ணீர் உள்ளே போயிருக்கு. ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கிற சீல் போச்சு. ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பின்னால் பார், நரம்பு வலைத் துண்டு ஷாஃப்ட்டில் சுற்றியிருக்கும். அதுதான் சீலை அறுக்கும். இதில் மட்டும் நான் சொன்னால் சரியாக இருக்கும் :)

கம்பிவடம்:
இதில் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. ஆயில் ஸ்க்ரூக்களின் வாஷரையும் பாருங்கள், பழையதைத் திரும்பப் போட்டிருந்தால் அதன் வழியாகவும் தண்ணீர் போகும். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் வழியும் வரை. முதலில் மேல் ஸ்க்ரூ, அப்புறம் கீழ் ஸ்க்ரூ. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். கூடவே எஞ்சினை உப்பு அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள், பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேல் அடித்துவிடாதீர்கள்.

ஏரிக்கரையான்:
கடலோடி அண்ணே, ஒரு முழம் நரம்பு! உருகி வளையம் மாதிரி இறுகியிருந்தது, பிளேடால் அறுத்துத்தான் எடுத்தேன். துத்தநாகக் கட்டி சுண்டுவிரல் நுனி அளவுக்குத்தான் மிச்சம் இருக்கிறது. சீல் இரண்டும் கட்டியும் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை வருமாம். அதுவரை தம்பி பக்கத்து வீட்டுப் படகில் போகிறான்.