டிஜிட்டல் மீடியா, வெப் டெக்னாலஜி படித்தவர்களே: எந்த வகுப்பு இன்னும் மறக்கவில்லை?

இந்தப் படிப்புக்கு வருபவர்களில் இரண்டு ரகம் உண்டு. டிசைன், வீடியோ எடிட்டிங் ஆசையில் வருபவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்றால் வேப்பங்காய். கோடிங் ஆசையில் வருபவர்களுக்கோ நிறம், எழுத்துரு பற்றிய பேச்செல்லாம் வெட்டி வேலை. நான் இரண்டாம் ரகம். இரண்டு ரகத்தையும் ஒரே நாளில் வாயடைக்க வைத்தது ஒரு பயனர் சோதனை.

நிகழ்ச்சிக்குப் பெயர் பதிவு செய்யும் பக்கம் ஒன்றை ஒவ்வொரு குழுவும் செய்திருந்தது. சோதிக்க வந்தவர் பார்வையற்ற சட்டக் கல்லூரி மாணவர். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு வந்தார். செய்தவர்கள் பின்னால் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது ஆசிரியர் போட்ட விதி. அந்தக் குரல் ஓடிய வேகத்தில் எங்களுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவருக்கு அது சாதாரண வேகம். கேட்டுக்கொண்டதும் அவரே குறைத்து வைத்தார்.

அதன் பிறகுதான் கூத்து. பெயர் எழுதும் பெட்டிக்கு வந்தால் "எடிட், பிளாங்க்" என்கிறது. பக்கத்தில் "பெயர்" என்று அழகாக எழுதியிருக்கிறது, ஆனால் அதைப் பெட்டியோடு லேபிள் என்ற குறியீடு கொண்டு இணைக்கவில்லை. இணைப்பாக (லிங்க்) வைத்த படத்துக்கு, படம் என்னவென்று சொல்லும் ஆல்ட் வரி இல்லை, அதனால் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிக்கிறது. கடைசியில் "பதிவு செய்" பொத்தான். டேப் விசையை அழுத்தினால் அதில் நிற்பதே இல்லை, தாண்டிப் போய்விடுகிறது. "பக்கம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை.

காரணம் எளிது. வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் பட்டன் என்ற உறுப்பு இருக்கும்போது, டிவ் என்ற வெறும் பெட்டி ஒன்றுக்கு நிறம் பூசி, கிளிக் மட்டும் சேர்த்திருந்தார்கள். பட்டனைப் பயன்படுத்தினால் டேப்பில் நிற்பது, என்டரும் ஸ்பேஸும் வேலை செய்வது, "இது பொத்தான்" என்று அறிவிப்பது எல்லாம் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். டிவ்வில் அத்தனையையும் நாமே எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை.

டிசைன் பக்கத்து ஆட்களும் தப்பவில்லை. வெள்ளைமேல் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாகத்தான் இருக்கும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று 2008-இல் வந்த அணுகல்தன்மை வழிகாட்டுதல் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய குறைந்தபட்ச வெளிச்ச வேறுபாட்டைச் சொல்கிறது. அளந்து பார்த்தபோது பாதிப் பக்கங்கள் கீழே விழுந்தன.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

* * *

நான் கொஞ்சம் பழைய ஆள். எங்க காலத்துல வெப்ல அனிமேஷன், கேம் எல்லாம் ஓட வெச்ச ஃபிளாஷ்ங்கிற மென்பொருள்தான் ராஜா, ஒரு செமஸ்டர் முழுக்க அதோட மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்தான். 2010-ல ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன்ல ஃபிளாஷ் ஏன் கிடையாதுன்னு பகிரங்கமா கடிதம் எழுதினப்போ, "இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு ஸ்டாஃப் ரூம்லயே சிரிச்சாங்க. 2020 டிசம்பர் 31-ஓட ஃபிளாஷை வெச்சிருந்த அடோபியே அதுக்குக் கடையைக் கட்டிருச்சு. என் ஃபைனல் புராஜெக்ட் இப்போ எந்த பிரவுசர்லயும் நேரா திறக்காது. பழைய ஃபிளாஷ் ஃபைலை இப்பவும் ஓட வைக்கிற ரஃபிள்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, அதுல ஓடுது, சத்தம் மட்டும் கொஞ்சம் பிசகுது.

படிச்சது வீண்னு சொல்ல மாட்டேன். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும் எக்மாஸ்கிரிப்ட்ங்கிற ஒரே தரத்தை ஒட்டி வந்ததுதான், அதனால மாறுறது கஷ்டமா இல்லை. டைம்லைன்ல கீஃபிரேம் (அசைவு மாறுற முக்கியக் கட்டம்) வெச்சுப் பழகினவனுக்கு, வலைப்பக்கத்தோட தோற்றத்தை எழுதுற சிஎஸ்எஸ் அனிமேஷன்ல அதே பேரைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். பந்து கீழே வரும்போது வேகம் கூடணும், மேலே போகும்போது குறையணும்னு கண்ணால பழகினது எந்த மென்பொருள் போனாலும் கூடவே வருது.

* * *

எனக்குப் படச்சுருக்கம் பற்றிய வகுப்பு. பேராசிரியர் ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டு, அதன் நிறத் தகவலில் முக்கால் பங்கை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே வைத்தார். எது அசல் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்து நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத் தகவலை அதே அளவு குறைத்தார். வகுப்பே "ஐயோ" என்றது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கிற அளவுக்கு நிற வேறுபாட்டைப் பிடிப்பதில்லை. ஜேபெக் படங்களின் அளவைக் குறைப்பதில் ஒரு பகுதி இந்தப் பலவீனத்தில்தான் ஓடுகிறது. படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு கட்டத்துக்கும் போடும் கொசைன் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு தானாகப் புரிந்தது. முதல் வாரமே சூத்திரத்தில் ஆரம்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்.

* * *

என்னுடையது சின்னது. ஆய்வகத்தில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டோம். 5 என்றது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் (கணினி எழுத்துகளுக்குத் தரும் எண்) குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. நாம் மூன்றெழுத்து என்பது அதன் கணக்கிலேயே இல்லை. சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்டில் செக்மென்டர் என்ற வசதியில் போட்டால் சரியாக 3 வருகிறது. ஆனால் க்ஷ-வை அது க், ஷ என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. சொல் விளையாட்டு எழுதியவர்கள் யாராவது இருந்தால் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.