கானாடுகாத்தான் பக்கம் பெரியவர்களுக்குத் தசைப் பயிற்சி சொல்லித் தருபவர் தேவை

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 67 வயது, கானாடுகாத்தானில் இருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. காலை நடை தவறுவதே இல்லை. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தைப்பூசத்துக்குப் பிறகு தொடை மெலிந்துகொண்டே வருகிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. வளவுப் படி இறங்கும்போது தடுமாறுகிறார்கள். வலி, மயக்கம் எதுவும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பில் கோளாறு இல்லை, தசை வலுதான் குறைந்திருக்கிறது என்றார்.

நடை மட்டும் போதாதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேல் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு தசைக்கு 2 நாள், சமநிலைக்கு 3 நாளாவது பயிற்சி வேண்டும் என்கிறது.

ஜிம்மில் சேர்த்தோம். இளவட்டங்களுக்குச் சொல்வதையே சொல்ல, முட்டி வீங்கி, வடியவே நாளாயிற்று. அப்புறம் வீடியோ பார்த்துச் செய்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்குவதைப் பார்த்து, பிரஷர் ஏறிவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும் நடக்கிறது. நான் சென்னையில் இருப்பதால் கூட நின்று கவனிக்க முடியவில்லை.

காரைக்குடி, பள்ளத்தூர் வட்டாரத்தில் இந்த வயதுக்காரர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் யாராவது உங்களுக்குத் தெரியுமா?