சனிக்கிழமைக்கு 60 டப்பா இட்லி மாவு: தலையாட்டிவிட்டேன், இப்போது தூக்கம் வரவில்லை

கோவைக்காரி:
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது, ஹாரோ பக்கம் இருக்கிறோம். பொழுது போகாமல் இட்லி மாவு அரைத்து நாலு வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது வாரம் முப்பது டப்பா போகிறது, கூடவே எள்ளுப்பொடியும். "மாவும் நல்லா இருக்கு, நீ பேசுறதும் நல்லா இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பழகியவர்களிடம் காசு கேட்க வாய் வராது.

நேற்று இங்குள்ள ஒரு மளிகைக் கடைக்காரர், "சனிக்கிழமையிலிருந்து வாரம் 60 டப்பா கொடும்மா, ஒன்றுக்கு 1 பவுண்ட் 60 பென்ஸ்" என்றார். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சரி என்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா துணிந்து கடையே போடு என்கிறார். வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வெம்பிளி மாமா:
பயப்படாதே மா. நான் வந்தது 2008 கடைசியில். ஒரே அறையில் ஐந்து பேர், எனக்குக் கிடைத்தது ஜன்னலோரம், குளிர் நேராகக் காதுக்குள் இறங்கும். 2009 பிப்ரவரி 2 அன்று பெய்த பனியில் காலையில் லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. நான் ஒன்றரை மணி நேரம் நடந்து போய்க் கடையைத் திறந்தேன். முதலாளி அன்றைக்குத்தான் சாவியை என் கையில் கொடுத்தார். வருகிறவர்களின் பேரை நினைவில் வை, அவர்கள் பிள்ளைகளின் பரீட்சையை விசாரி. மனுஷாளுக்கு உன்னைப் பிடித்துவிட்டால் வியாபாரம் தானாக வரும்.

சூடுபட்டவன்:
மாமா சொல்வது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவனுக்குச் சரி. நானும் எல்லோருக்கும் பிடித்தவன்தான், அப்படியே 2,300 பவுண்ட் கடன் கொடுத்து உட்கார்ந்தவன். சந்தையில் பிரியாணிக் கடை போட்டிருந்தேன். "நம்ம பையன்தானே" என்று தட்டில் இன்னொரு கரண்டி, கடனில் இன்னொரு வாரம். கடையை மூடிய பிறகு வழியில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள், நான் காசு கேட்டுவிடுவேனாம்! தங்கச்சி, சிரிப்பைக் குறைத்து ஒரு கணக்கு நோட்டுப் போடு.

பெருசா யோசி:
இரண்டு பேருமே சின்னதாக யோசிக்கிறீர்கள். பத்தாக் குடும்பம் 1956இல் கென்யாவிலிருந்து இங்கே வந்து, கென்டிஷ் டவுன் வீட்டுச் சமையலறையில் சமோசாவும் இனிப்பும் செய்து விற்றுத்தான் தொடங்கியது. அந்தப் பெயரில் ஊறுகாய் இல்லாத சூப்பர்மார்க்கெட் இந்த நாட்டில் உண்டா? அந்தக் கம்பெனியை 2007இல் அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனம் வாங்கிக்கொண்டது. 60 டப்பாவுக்கு நடுங்கினால் எப்படி? தொழில் செய்ய ஒரு யூனிட் (தனி இடம்) வாடகைக்கு எடுங்கள், பெரிய கிரைண்டர் போடுங்கள்.

சூடுபட்டவன்:
1956க்கும் 2007க்கும் நடுவில் 51 வருஷம் இருக்கிறது தம்பி. யூனிட் வாடகையை நீங்கள் கட்டுகிறீர்களா?

ஹாரோ ரோஜா:
வீட்டுக்காரர் விஷயம் பேச்சே வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் தாளிக்கிற வாசனைக்கே மெயில் போடுவார். பாய்லர் ரிப்பேருக்கு மூன்று வாரம், வாடகையை ஏற்ற மட்டும் மூன்று நாள்.

வெம்பிளி மாமா:
உளுந்து விலையைப் பார்த்தீர்களா? அதைவிட நம்ம ஆட்கள் இருக்கிறார்களே, ராத்திரி ஒன்பதரைக்குக் காலிங்பெல் அடித்து "மாவு இருக்கா"! வந்த காரை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு பென்ஸ் எண்ணுவார்கள்.

ஹாரோ ரோஜா:
டப்பாவைக் கழுவித் திருப்பித் தருகிறேன் என்று வாங்கிப் போனது பதினெட்டு. வந்தது மூன்று. ஒன்றில் மீன் குழம்பு வாசம்.

டூட்டிங் அண்ணை:
தங்கச்சி, இவையள் கதைச்சுக்கொண்டே இருப்பினம். நான் 2001இல் வந்தேன், எட்டு வருஷம் பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை. ஆர் என்ன சிகரெட், ஆருக்கு என்ன பேப்பர் எல்லாம் எனக்குப் பாடம். வாசலில் காரைக் கண்டதும் எடுத்து வைத்துவிடுவேன். சனத்துக்கு என்னில் நல்ல விருப்பம். ஆனால் அந்த விருப்பத்தால் எனக்குச் சம்பளம் ஒரு பென்ஸ்கூட ஏறவில்லை. ஒருநாள் முதலாளி விற்கப் போகிறேன் என்றார். வயிறு கலங்கினாலும், "ஆறு மாதம் எனக்குக் குத்தகைக்குத் தாங்கோ, வரவு குறைந்தால் சாவியைத் தந்துவிட்டுப் போறேன்" என்று கேட்டுவிட்டேன். அவர் ஓம் என்றதற்குக் காரணம் அந்தச் சனம்தான், ஆள் மாறினால் அவையள் வேறு இடம் போய்விடுவினம் என்று அவருக்குத் தெரியும். நான் வாய் திறக்காவிட்டால் அதுவும் நடந்திராது. உங்களுக்கும் சனம் இருக்கு. கேட்கிறதுதான் இல்லை.

நடைமுறை அக்கா:
ஒரு நிமிஷம். இவ்வளவு பேர் பேசியும் யாரும் கேட்கவில்லை: கோவைக்காரி, உங்கள் விசா என்ன? மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது, ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் (திறன் வேலைக்கான விசா) வந்தவரின் டிபெண்டண்ட், அதாவது அவரைச் சார்ந்து வந்த துணை என்றால் செய்யலாம். கவுன்சிலில் (உள்ளூர் நகராட்சி) உணவுத் தொழில் பதிவு செய்தீர்களா? ஒரு டப்பாவுக்கு அடக்கம் எவ்வளவு? அப்புறம், வீட்டுக்காரர் என்றது உங்கள் கணவரையா, வீட்டு ஓனரையா?

கோவைக்காரி:
ஐயோ, கணவரைத்தான் சொன்னேன் அக்கா! அவர் ஸ்கில்ட் வொர்க்கர், நான் டிபெண்டண்ட். பதிவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஓனரிடம் சொல்லவில்லை. அடக்கத்தை இப்போதுதான் கணக்குப் பார்த்தேன். அரிசி, உளுந்து, வெந்தயம், டப்பா, கரண்ட் எல்லாம் சேர்த்து 1 பவுண்ட் 35. கொண்டுபோய்க் கொடுக்கிற பெட்ரோல் சேர்க்கவில்லை. என் நேரமும் சேர்க்கவில்லை.

நடைமுறை அக்கா:
அப்படியானால் 25 பென்ஸுக்கு நீங்கள் இரவெல்லாம் முழிக்கிறீர்கள். 60 டப்பாவுக்கு மொத்தம் 15 பவுண்ட், அதிலும் பெட்ரோல் போக வேண்டும்.

கவுன்சில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, மறுக்கவும் மாட்டார்கள், ஆனால் தொழில் தொடங்க 28 நாளுக்கு முன்பே செய்ய வேண்டும். நீங்கள் ஏற்கெனவே விற்கிறீர்கள், அதனால் இன்றைக்கே செய்யுங்கள். பிறகு ஒரு அதிகாரி சமையலறையைப் பார்த்து சுகாதாரத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். என் வீட்டுக்கு வந்தவர் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டர் எங்கே என்றார். அவருக்காக நான் வைத்திருந்த டீ ஆறிப்போனது. வீட்டு ஒப்பந்தத்தில் தொழில் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஏப்ரல் 6 தொடங்கி ஒரு வரி ஆண்டில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையான எச்எம்ஆர்சியில் பதிய வேண்டும். லாபத்தைப் பார்க்க மாட்டார்கள், மொத்த வரவுதான் கணக்கு.

கடையில் வைத்து விற்கும் டப்பாவில் லேபிள் முழுதாக இருக்க வேண்டும்: சேர்மானம், எடை, எந்தத் தேதிக்குள் பயன்படுத்துவது, எப்படி வைத்திருப்பது, உங்கள் பெயர், முகவரி. இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் 14 பொருட்கள். எள் அதில் இருக்கிறது, கடுகும் இருக்கிறது, நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பொடியில் கூட்டுப் பெருங்காயம் போடுகிறீர்களா? டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். அதையும் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

பெருசா யோசி:
சரி, யூனிட் அப்புறம் பார்க்கலாம். ஆனால் ஆர்டரை விட்டுவிடாதீர்கள்.

டூட்டிங் அண்ணை:
விடச் சொல்லி ஆரும் சொல்லவில்லை. ஆள் நிறைய நிற்கிற நேரம் போகாதேங்கோ. காலையில் கடை திறந்த கையோடு போய், "அண்ணா, அன்றைக்குக் கணக்குப் பாராமல் ஓம் என்றுவிட்டேன். இந்த விலைக்கு எனக்குக் கட்டாது" என்று சொல்லுங்கோ. விலையைச் சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. அவர் பேசட்டும்.

சூடுபட்டவன்:
கடன் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடு.

கோவைக்காரி:
போய்வந்தேன். கை நடுங்கியது, பையைப் பிடித்துக்கொண்டேன். 2 பவுண்ட் 20 என்றேன். அவர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் 2 பவுண்டுக்கு ஒத்துக்கொண்டார், முதல் மாதம் 25 டப்பா மட்டும், இறக்கும்போதே காசு. பதிவு முடிந்து 28 நாள் ஆகட்டும், அதுவரை உன் டப்பாவுக்கு ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டை ஒதுக்கி வைக்கிறேன் என்றார். அவர் மனைவி என் மாவைத்தான் வாங்குகிறாராம், எனக்கே தெரியாது. பதிவு விண்ணப்பம் நேற்று இரவே போட்டாச்சு, அது முடியும்வரை வீட்டு விற்பனையையும் நிறுத்திவிட்டேன். ஓனருக்கும் மெயில் போயாச்சு, பதில் இன்னும் வரவில்லை.

இன்னொரு சந்தேகம். போன வாரம் ஹீட்டர் பக்கத்தில் வைத்த ஆறு டப்பா பொங்கி, மூடி தெறித்துச் சுவரெல்லாம் மாவு. கடை ஃபிரிட்ஜில் இப்படி ஆனால் மானம் போய்விடும். என்ன செய்வது?

ஹாரோ ரோஜா:
டப்பாவில் போட்டுப் புளிக்க வைக்கக் கூடாது மா. பெரிய பாத்திரத்தில் ஊற்றி, ஓவனுக்குள் வை, ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போடு. பொங்கியதும் கலக்கி, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு டப்பாவில் முக்கால் அளவு ஊற்று. அந்தப் பதினைந்து டப்பா வராததால் நான் இப்போது மூடியில் காற்றோட்டத் துளை இருக்கிற டப்பா வாங்குகிறேன், எந்தக் கடை என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.