மறு: அன்கவுன்டபிள் நவுன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'எண்ணாப்பெயர்' என்றே வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

சுருக்கம்தான். ஆனால் ஆங்கிலத்தில் அன்கவுன்டபிள், அதாவது ஒன்று, இரண்டு என்று எண் சேர்க்காத பெயர் என்கிற ஃபர்னிச்சரை எண்ண முடியாதா என்ன? வீட்டில் நாலு நாற்காலி கண்ணெதிரே கிடக்கிறது. எண்ண மாட்டேன் என்பது ஆங்கில இலக்கணம். அதை நாற்காலியின் குணமாக்கிவிடுகிறது இந்தப் பெயர்.

என் பரிந்துரை: எவ்வளவுப்பெயர். அதன் இணை, எத்தனைப்பெயர்.

தோசை எத்தனை, சாம்பார் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். 'எத்தனை சாம்பார்' என்று யாரும் கேட்பதில்லை. மெனி, ஃபியூ எத்தனைப்பெயருக்கு; மச், லிட்டில் எவ்வளவுப்பெயருக்கு. நம் 'சில', 'கொஞ்சம்' பிரிவதும் ஏறக்குறைய இப்படித்தான். 'நிறைய' இரண்டுக்கும் பொது, 'எ லாட் ஆஃப்' போல. 'ரெண்டு காபி' என்றால் ரெண்டு டம்ளர். ஆங்கிலக்காரரும் கடையில் 'டூ காஃபீஸ்' என்பார்.

இடறுவது இன்ஃபர்மேஷனில். தமிழில் எத்தனை தகவல்கள் என்று கேட்கலாம்; ஆங்கிலத்தில் அது எவ்வளவுப்பெயர். இந்த ஒரு வரியிலேயே 'ஆன் இன்ஃபர்மேஷன்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' இரண்டும் ஏன் தவறு என்று சொல்லிவிடலாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன் வந்து அதை வரையறுக்கும் டிடர்மினருக்குச் 'சுட்டு' வேண்டாம். மை, சம், ஈச் எதையும் சுட்டுவதில்லை. முன்பு வந்த 'பெயர்வரையி' போதும்.

'டு லாக்' போன்ற இன்ஃபினிடிவுக்கு 'முடிவிலி' என்று ஒரு மடலில் பார்த்தேன். அது கணக்குப் பாடத்துச் சொல்லாயிற்றே! நன்னூல் சொல்லும் 12 வினையெச்ச வாய்பாடுகளில் 'செய' இருக்கிறது, செயவெனெச்சம் என்போம். 'ஃபர்காட் டு லாக்' என்றால் பூட்ட மறந்தேன். 'ஃபர்காட் லாக்கிங்' என்றால் பூட்டியதை மறந்தேன். வேறுபாடு நம் காதிலேயே இருக்கிறது.

----

> வேறுபாடு நம் காதிலேயே இருக்கிறது.

எப்போதும் இல்லை. 'நீந்தப் பிடிக்கும்' என்பதும் செயவெனெச்சம்தான். அதை நம்பித்தான் பிள்ளைகள் 'என்ஜாய் டு ஸ்விம்' என்று எழுதுகிறார்கள். அங்கே 'ஸ்விம்மிங்' வர வேண்டும். 'டு எர் இஸ் ஹியூமன்' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், தவறுவது என்று தொழிற்பெயர் வந்து நிற்கும். ஆகவே செயவெனெச்சம் என்று பெயரிடலாம். இன்ஃபினிடிவும் செயவெனெச்சமும் ஒன்றே என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

எவ்வளவுப்பெயருக்கு என் வாக்கு. சேர்த்தே எழுதுங்கள், ஒற்றும் விடாதீர்கள். பிரித்தால் 'எத்தனை பெயர்' என்று ஆகி, வகுப்பில் யாராவது தலை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.